நெஞ்சின் நோயும் நெஞ்சகத்தின் நோயும்

அரபு மொழியில் இதயத்தைக் குறிக்கும் ‘கல்ப்’ என்னும் சொல், புரளுதல், மாறுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டே இருப்பதால் உள்ளத்துக்கு இப்பெயர் வந்ததென்பர் அகராதி ஆசிரியர்கள். மார்புக்குள் துடிக்கும் தசைக்கும் அதே சொல்தான். தமிழிலும் நிலைமை வேறன்று. நெஞ்சு வலிக்கிறது என்பவர் உடலைச் சொல்கிறார். நெஞ்சு கனக்கிறது என்பவர் உள்ளத்தைச் சொல்கிறார். இரண்டு மொழிகளும் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால், இதயத் தமனி நோயின் வரலாற்றைப் படிக்கும்போது, இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிய இரண்டு பொருள்களும் பிரிந்து சென்று மீண்டும் வந்து சேர்ந்த கதையாகவே அது நமக்குத் தோன்றுகிறது.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை இன்றைய அரபு மருத்துவ நூல்கள் ‘அஷ்ஷராயீனுத் தாஜிய்யா’ என்று குறிப்பிடுகின்றன. ‘தாஜ்’ என்றால் மகுடம். இதயத்தின் மேற்புறத்தை மகுடம்போல் சுற்றி வளைந்து இறங்குவதால் வந்த பெயர். இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, தடித்து, ஒருநாள் அப்படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபடுவதையே மாரடைப்பு என்கிறோம்.

இந்நோயைப் பற்றி நாம் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எம்முடன் பணியாற்றிய மூத்த உஸ்தாத் ஒருவருக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம், அடைப்பு நீக்கப்பட்டது, பத்து நாளில் வீடு திரும்பினார். பிழைத்துவிட்டார் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை. பாடம் நடத்த அமர்ந்தால் பாதியில் கிதாபை மூடிவிடுவார். இரவில் உறக்கமில்லை. பசி இல்லை. “எங்கள் வாப்பாவுக்கும் இதுதான், அவர் வாப்பாவுக்கும் இதுதான் ஹஜ்ரத்! இது எங்கள் வமிசத்துக்கு எழுதியது. மாத்திரையால் என்ன ஆகப்போகிறது?” என்பார். நாமும் மற்ற ஆசிரியர்களும் அவரிடம் சப்ரைப் பற்றிப் பேசினோம். தவக்குலைப் பற்றிப் பேசினோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். மாத்திரைகளை நிறுத்திவிட்டார் என்பது எட்டாம் மாதத்தில், இரண்டாவது மாரடைப்பில் அவர் வஃபாத்தான பிறகே நமக்குத் தெரிந்தது.

‘வமிசத்துக்கு எழுதியது’ என்று அவர் சொன்னது எவ்வளவு உண்மை? அவருடைய சோர்வு வெறும் மனத்தளர்ச்சிதானா? இவ்விரு கேள்விகளோடுதான் இவ்வரலாற்றுக்குள் நாம் நுழைந்தோம்.

முன்னோர் கண்டதும் காணாததும்

ஹிஜ்ரி 322 (கி.பி. 934)இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, அறிஞர் அல்-கிந்தியின் மாணவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது அவருடைய நூல். உடல்களின் நலன், உள்ளங்களின் நலன் என்ற அதன் தலைப்பே அதன் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. உடலைப் பற்றி எழுதும் மருத்துவர்கள் உள்ளத்தை விட்டுவிடுகின்றனர். ஆனால் ஒன்றன் நோய் மற்றொன்றைத் தாக்காமல் விடுவதில்லை என்பது அவர் வாதம். உள்ளத்தின் கோளாறுகளைச் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காக அவர் வகுத்தார். துயரத்தையும் இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று, இழப்பினால் வருவது. காரணம் தெரியாத துயரம் மற்றொன்று. அது உடலிலிருந்தே எழுவது. ஆகவே அதற்கு உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி இந்நூலின் உளநலப் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகே நம்மில் பலருக்கு இதன் அருமை தெரியவந்தது.

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) இதயத்துக்கென்றே ‘அல்-அத்வியத்துல் கல்பிய்யா’ என்ற தனி நூல் எழுதினார். இதய மருந்துகளைப் பற்றிய அந்நூலின் தொடக்கப் பகுதிகள் மகிழ்ச்சி, துயரம், அச்சம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. ‘கானூன்’ நூலில், காதல் நோயுற்றவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு பல பெயர்களைச் சொல்லி, எந்தப் பெயரில் நாடி மாறுகிறதோ அதைக்கொண்டு நோயின் காரணத்தை அறியலாம் என்று அவர் எழுதியதும் அறிஞர் அறிந்ததே.

கி.பி. 1242 அளவில் கெய்ரோவில் அந்தக் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதியவர் அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ். திமிஷ்கில் நூரி மருத்துவமனையில் பயின்றவர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் கற்பித்தவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதே ஃபிக்ஹைப் பயிலும் நம் மாணவர்கள் இதை அறிந்தால் மகிழ்வர். இதயத்தின் வலப்புற அறையிலுள்ள இரத்தமே இதயத்துக்கு உணவு என்று இப்னு ஸீனா எழுதியிருந்தார். அது சரியன்று, இதயத்தின் உடலுக்குள் பரவியிருக்கும் குழாய்களில் ஓடும் இரத்தமே அதற்கு உணவு என்று இப்னுந் நஃபீஸ் மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்று திரும்புவதை அவர் விளக்கியதைப் பலர் அறிவர். இந்த இரண்டாவது செய்தியைச் சிலரே அறிவர். கி.பி. 1288இல் மறையும்போது தம் வீட்டையும் நூலகத்தையும் கலாவூன் மன்னர் கட்டிய மன்ஸூரி மருத்துவமனைக்கு அவர் வழங்கிச் சென்றார். அவருடைய உரை பின்னர் மறக்கப்பட்டது. 1924இல் முஹ்யித்தீன் அத்-ததாவி என்ற எகிப்திய மருத்துவ மாணவர் பெர்லின் நூலகத்துச் சுவடியிலிருந்து அதை வெளிக்கொணர்ந்தார்.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். இன்றைய இதய மருத்துவம் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது உண்மையன்று, அம்முன்னோருக்குச் செய்யும் மரியாதையும் அன்று. இதயத்தை ஊட்டும் குழாய்களை இப்னுந் நஃபீஸ் சொன்னார். அவை அடைபடும் என்பதைச் சொல்லவில்லை. உடலை அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும் தம் இயல்பான இரக்கமும் தடுத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். துயரத்தை நோயாகக் கண்டார் பல்கீ; அது இதயக் குழாயை என்ன செய்கிறது என்பதை அவர் அறிய வழியில்லை. சரியான கேள்விகளை அவர்கள் எழுப்பினர். ஆசானையே மறுக்கத் துணிந்தனர். அவர்களிடமிருந்து நாம் பெற வேண்டிய பாடம் அதுவே.

லண்டனில் ஒரு மருத்துவரின் மரணம்

நடக்கும்போது மார்பை நெரிப்பதுபோல் வந்து, நின்றால் மறையும் வலியை ஒரு தனி நோயாக முதலில் தெளிவாக வரைந்தவர் வில்லியம் ஹெபர்டன். 1768இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் அதைப் படித்தார். 1772இல் அது அச்சில் வந்தது. நோயின் தோற்றத்தை நுட்பமாகச் சொன்ன அவருக்கு, அது எங்கிருந்து வருகிறதென்பது தெரியவில்லை.

அதைக் கண்டவர்களுள் ஒருவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர். இந்நோயால் இறந்த ஒருவரின் இதயத்தை அறுத்தபோது கத்தி கரடான ஏதோ ஒன்றில் பட்டது. பழைய கூரையிலிருந்து காரை உதிர்ந்து விழுந்ததோ என்று அவர் அண்ணாந்து பார்த்தாராம். பிறகே, இதயத் தமனிகள் எலும்புபோல் இறுகிக் கிடந்தன என்பது தெரிந்தது. ஆனால் ஜென்னர் இதை உடனே எழுதவில்லை. அவருடைய ஆசிரியர் ஜான் ஹண்டருக்கு இதே வலி இருந்தது. தீராத நோய் என்று ஆசிரியர் அறிந்து மனம் உடைவதை மாணவர் விரும்பவில்லை.

ஹண்டர் அக்காலத்தின் பெரும் அறுவை மருத்துவர், பெருங்கோபக்காரர். தம்மைச் சினமூட்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லி வந்தாராம். 1793 அக்டோபர் 16 அன்று தாம் பணியாற்றிய மருத்துவமனையின் கூட்டத்தில் ஒருவர் அவரை எதிர்த்துப் பேசினார். ஹண்டர் சினத்தை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றார். அங்கேயே விழுந்து இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது இதயத் தமனிகள் இறுகியிருந்தன. ஜென்னர் அஞ்சியது உண்மையாயிற்று. அவர் கண்டவற்றையும் சேர்த்து நண்பர் காலெப் பாரி 1799இல் நூலாக வெளியிட்டார்.

ஹண்டரின் மரணத்தில் குழாயும் இருந்தது, சினமும் இருந்தது. ஆனால் அடுத்த நூற்றாண்டின் மருத்துவம் குழாயை எடுத்துக்கொண்டது. சினத்தைக் கதையாக ஒதுக்கிவிட்டது. குழாயைக் கத்தியால் தொட முடிந்தது. சினத்தைத் தொட முடியவில்லை.

1912 வரை, இதயத் தமனி திடீரென அடைபட்டால் மரணம் உடனடி என்றே பெரும்பாலோர் கருதினர். அவ்வாண்டு சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், அடைப்புக்குப் பின்னும் நாள்கணக்கில் வாழ்ந்தவரைக் காட்டினார். சிலர் தேறிவிடவும் கூடும் என்றார். அன்றிலிருந்துதான் ‘மாரடைப்புக்குப் பின்னுள்ள வாழ்க்கை’ என்ற ஒன்று மருத்துவத்தில் பிறந்தது. தொடக்கத்தில் அவ்வாழ்க்கை கொடிதாகவே இருந்தது. நோயாளியை ஆறு வாரம் வரை கட்டிலில் அசையாமல் கிடத்தினர். 1952இல் பாஸ்டனின் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும், நோயாளிகளை முதல் நாள்களிலேயே நாற்காலியில் அமரவைத்து, அதனால் தீங்கில்லை என்று காட்டினர். அசையாக் கிடை உடலை மட்டுமன்றி நோயாளியின் நம்பிக்கையையும் முறிக்கிறது என்பது அவர்கள் கண்டது. பின்னர் 1967இல் ரெனே ஃபவலோரோ கிளீவ்லாந்தில் இதய மாற்றுவழி அறுவையை நிலைநிறுத்தினார். 1977இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் ஜூரிச்சில் பலூன் கொண்டு அடைப்பை விரித்தார். குழாயைத் திறக்கும் கலை வளர்ந்தது. ஆனால் குழாய் திறக்கப்பட்டவர்களில் ஏன் சிலர் நெடுநாள் வாழ்கின்றனர், சிலர் வாழ்வதில்லை என்ற கேள்வி நின்றது.

வமிசத்தின் கணக்கு

நோய் குடும்பங்களில் தொடர்வதை மக்கள் எப்போதும் அறிந்திருந்தனர். ஆங்கிலக் கல்வியாளர் தாமஸ் ஆர்னால்ட் 1842இல் தம் 47ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் நெஞ்சுவலியால் இறந்தார். அவர் மகன் கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் 1888இல் இதே நோயால் இறந்தார். இக்குடும்பத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னவர் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர். ஆனால் எடுத்துக்காட்டு சான்றாகாது.

சான்று வடக்கே நார்வேயிலிருந்து வந்தது. 1930களின் இறுதியில் ஆஸ்லோவின் கார்ல் முல்லர், 17 குடும்பங்களை ஆராய்ந்து, தசைநாண்களிலும் கண்ணிமைகளிலும் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ரால், இளவயது நெஞ்சுவலி ஆகிய மூன்றும் ஒன்றாகத் தலைமுறை தோறும் இறங்குவதைக் காட்டினார். அந்தப் பாரம்பரியத்தின் கணக்கைத் தெளிவாக்கியவர் பெய்ரூட்டில் பணியாற்றிய அவெதிஸ் கச்சதூரியன். 1964இல் லெபனானியக் குடும்பங்களை ஆராய்ந்து அவர் சொன்னது இது: பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு நடு வயதில் நோய் வருகிறது, இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் பன்மடங்கு ஏறி, சிறு வயதிலேயே மாரடைப்பு வருகிறது.

ஏன் லெபனான்? நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. ஒரே பாட்டனாரிடமிருந்து இறங்கிய பழுது, அவருடைய பேரனும் பேத்தியும் மணந்துகொள்ளும்போது, ஒரு குழந்தையிடம் இரட்டையாகச் சேர வாய்ப்பு மிகுகிறது. தாய்மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது சமய வேறுபாடின்றித் தமிழ்நாட்டிலும் வழக்கமாதலால் இது நமக்கு அயலான செய்தியன்று. அத்தகைய திருமணம் ஆகுமானதே. ஆனால் இருபுறமும் இளவயது மாரடைப்பு இருக்கும் குடும்பங்கள், சம்பந்தம் பேசுமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் என்ன தடை?

பழுது எங்கே என்பதை டல்லாஸ் நகரின் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1973–74இல் கண்டனர். இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை உள்ளிழுக்கும் வாயில்கள் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ளன. பழுதுற்றவர்களிடம் அவ்வாயில்கள் குறைவு, அல்லது இல்லை. 1985இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர். லெபனான், சிரியா குடும்பங்களில் காணப்படும் குறிப்பிட்ட பழுதை 1987இல் அவர்கள் குழு இனங்கண்டது. ‘லெபனான் மாற்றம்’ என்றே அதற்குப் பெயர். 2003இல் பாரிஸில் மற்றொரு மரபணுவின் பங்கு கண்டறியப்பட்டபோது, அவ்வாய்வின் முதல் ஆசிரியராக இருந்தவர் லெபனானின் மரியான் அபிஃபாதல். அக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த ஊசி மருந்துகள் 2015இல் புழக்கத்துக்கு வந்தன. நோயை அதிகம் சுமந்த மண், அதை அறியும் அறிஞரையும் தந்தது.

ஒரே மரபணுவின் இப்பழுது ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடமே உண்டு. மற்றவர்களிடம் பரம்பரையின் பங்கு என்ன? 1994இல் வெளியான சுவீடன் ஆய்வு, 21,004 இரட்டையரை 26 ஆண்டுகள் தொடர்ந்தது. ஆண்களில், ஒருவர் 55 வயதுக்குமுன் இதயத் தமனி நோயால் இறந்திருந்தால், அவருடைய ஒத்த இரட்டையர் அதே நோயால் இறக்கும் அபாயம் 8.1 மடங்கு, ஒவ்வா இரட்டையருக்கு 3.8 மடங்கு. வயது ஏற ஏற இந்த வேறுபாடு தேய்ந்தது. இளவயது மரணத்தில் வமிசத்தின் கை வலியது, முதுமையில் தளர்வது.

2007இல் ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் மிகப் பொதுவான ஓர் அபாயக் குறி கண்டறியப்பட்டது. அது கொலஸ்ட்ராலையோ இரத்தக் கொதிப்பையோ கூட்டுவதில்லை. வேறு வழியில் நோயைத் தூண்டுகிறது. அதன்பின் இத்தகைய குறிகள் 200க்கு மேல் கண்டறியப்பட்டன. அப்படியானால் உஸ்தாத் சொன்னது உண்மைதானே என்று கேட்கத் தோன்றும். அதற்கான விடை 2016இல் வந்தது. 55,685 பேரைக் கொண்ட ஆய்வில், மரபு வழி அபாயம் மிகுந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் அதே அபாயக் குழுவில், புகையிலை தொடாது, உடல் பருக்காது, உழைத்து, நல்லுணவு உண்டவர்களுக்கு அந்த அபாயம் 46 விழுக்காடு குறைந்திருந்தது. வமிசம் எழுதுவது உண்மை; கடைசி வரியை அது எழுதுவதில்லை.

இதைவிடக் கூர்மையான செய்தி 2019இல் கிடைத்தது. ஏற்கெனவே நோய்வாய்ப்பட்ட 93,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, ஒன்பதாம் குரோமோசோமின் அதே குறி, அவர்களில் யாருக்கு மீண்டும் மாரடைப்பு வரும் என்பதை முன்னறிவிக்கவில்லை. ஒருவரை முதன்முதலில் நோயின் வாயிலுக்கு இட்டுச் செல்லும் அந்தக் குறி, அதற்குப்பின் அவர் நலமாய் வாழ்வாரா என்பதில் ஏறத்தாழ ஒதுங்கிக்கொள்கிறது. அங்கே வேறு காரணங்கள் ஆட்சி செய்கின்றன.

உள்ளம் மீண்டும் வந்தது

வேறு காரணங்களுள் ஒன்றைக் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நான்சி ஃபிராஷர்-ஸ்மித் கண்டார். மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்த 222 பேரை அங்கேயே உசாவி, மனச்சோர்வு நோய் உள்ளவர்களைக் குறித்துக்கொண்டு ஆறு மாதம் தொடர்ந்தனர். இதயத்தின் பழுதளவு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும், மனச்சோர்வுற்றோர் இறக்கும் அபாயம் மற்றவரைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. 1993இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. மாரடைப்புக்குப் பின் ஐவரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டது. 2014இல் அமெரிக்க இதயக் கழகத்தின் அறிஞர் குழு, மாரடைப்புக்குப் பிந்தைய தீய விளைவுகளின் அபாயக் காரணங்களுள் ஒன்றாக மனச்சோர்வையும் சேர்க்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

இது எப்படி நிகழ்கிறது? இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. மனச்சோர்வில் உடலின் அழுத்தச் சுரப்புகள் ஓய்வதில்லை, இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி கூடுகிறது, இதயத் துடிப்பு சூழலுக்கேற்ப நெகிழும் தன்மை குறைகிறது. இது முதல் வழி. இரண்டாவது வழி எளியது. சோர்ந்தவர் மாத்திரை உண்பதில்லை, நடப்பதில்லை, விட்ட புகையை மீண்டும் தொடுகிறார், மறு பரிசோதனைக்குப் போவதில்லை. எம் உஸ்தாதின் எட்டு மாதங்கள் இந்த இரண்டாவது வழியின் விளக்கம்போல் இப்போது நமக்குத் தெரிகின்றன.

சோர்வை நீக்கினால் உயிர் நீளுமா என்பதில் அறிஞர்கள் அவசரப்படவில்லை, நாமும் அவசரப்படலாகாது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,481 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு உளவியல் சிகிச்சை அளித்தனர். அவர்கள் சோர்வு குறைந்தது, தனிமை குறைந்தது, ஆனால் இறப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. மாறாக, 2018இல் வெளியான தென்கொரிய ஆய்வில், 300 நோயாளிகளில் 24 வாரம் மனச்சோர்வு மாத்திரை பெற்றவர்களில் 40.9 விழுக்காட்டினர்க்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 53.6 விழுக்காட்டினர்க்கும் எட்டாண்டு அளவில் பெரும் இதயப் பாதிப்புகள் நேர்ந்தன. ஆய்வு சிறிது; முடிவு நம்பிக்கை தருவது. உயிர் நீளுமா என்பது முடியாத விவாதமாகவே இருக்கட்டும். துயரத்தில் உழல்பவரின் துயரத்தைத் தீர்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் மண்ணின் நிலை

கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடாவில் பணியாற்றிய ஸலீம் யூஸுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்புற்ற ஏறத்தாழ 15,000 பேரும், அதே அளவில் நோயற்றவர்களும் அதில் ஒப்பிடப்பட்டனர். உலகில் முதல் மாரடைப்புகளின் பெரும்பங்கை ஒன்பது காரணங்களே விளக்கிவிடுகின்றன என்பது முடிவு: புகைத்தல், கொழுப்புக் கோளாறு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொப்பை, மன அழுத்தமும் சோர்வும், காய்கனி குறைவு, உடலுழைப்பின்மை, மது. மனம் அங்கே ஓரத்தில் இல்லை; கொழுப்புக்கும் கொதிப்புக்கும் நடுவே சமமாக அமர்ந்திருக்கிறது.

இவ்வாய்வின் தொடர்ச்சியாக 2007இல் வெளியான கணக்கு நமக்கு நேரடியாக உரியது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53. பிற நாடுகளில் 58.8. ஏறத்தாழ ஆறாண்டு முந்துகிறோம். ஆனால் இதற்கு நம் இரத்தத்தை மட்டும் குறைகூற முடியாது. மேற்சொன்ன காரணங்கள் நம்மவரிடம் இளவயதிலேயே குவிந்துவிடுகின்றன. அவற்றைக் கணக்கில் கொண்டால் வயது வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது என்றே ஆய்வாளர்கள் எழுதினர். கல்யாண விருந்துகளும், ஓய்ந்த கால்களும், பீடியும் சிகரெட்டும் நம் வமிசமல்ல, நம் தேர்வு.

நாம் சொல்லத் தவறியது

உஸ்தாதின் இரு சொற்களுக்கும் இப்போது விடை சொல்ல முடிகிறது. வாப்பாவுக்கும் அவர் வாப்பாவுக்கும் வந்தது இவருக்கும் வந்ததில் வமிசத்தின் பங்கு இருந்திருக்கும். ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பிய அந்த நாளிலிருந்து வமிசத்தின் பிடி தளர்ந்திருந்தது. மாத்திரையின் கையும், மனத்தின் கையும், சுற்றியிருந்த நம் கையும் ஓங்கியிருந்தன. அதை அவரிடம் சொல்ல அன்று நமக்குத் தெரியவில்லை.

அவருடைய சோர்வை ஈமானின் குறைவாக நாம் கருதினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. வாயால் சொல்லவில்லையே தவிர, சப்ரைப் பற்றிய நம் உபதேசங்களுக்குள் அந்த எண்ணம் இருந்தது. பிரிந்த மகனை நினைத்து அழுது அழுது யஅகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை ஓதித்தரும் நாம், தம் துணைவியாரையும் பெரிய தந்தையாரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இழந்த ஆண்டு ‘ஆமுல் ஹுஸ்ன்’ எனத் துயர ஆண்டாகவே வரலாற்றில் பதிந்திருப்பதைப் பாடம் நடத்தும் நாம், அதைக் கருதியிருக்கக் கூடாது. காரணம் தெரியாத துயரத்துக்கு உடலிலேயே காரணம் இருக்கலாம் என்று பல்கீ எழுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் நூலக அலமாரியில் மருத்துவ வரலாறு இருந்தது. அதை ஒரு நோயாளியின் அருகே கொண்டுசெல்ல நமக்குத் தோன்றவில்லை.

எனவே, மாரடைப்பிலிருந்து மீண்டவரை நலம் விசாரிக்கச் செல்வோருக்கு நாம் வேண்டிக்கொள்வது சிறிய செய்திகளே. உறக்கம் எப்படி, பசி எப்படி, முன்பு விரும்பியதில் இப்போது விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு தொடர்ந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுமாறு குடும்பத்தாரைத் தூண்டுங்கள். மாத்திரை உண்கிறாரா என்று கேட்பதோடு நில்லாமல், உடனிருந்து உண்ணச் செய்யுங்கள். அவருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொண்டார்களா என்று விசாரியுங்கள். அவர் நடக்கப் புறப்பட்டால் கூடவே நடந்து செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடப் பணித்த மார்க்கத்தில், இவையெல்லாம் தவக்குலுக்கு மாறானவை அல்ல. தவக்குலுக்கு முன்னே ஒட்டகத்தைக் கட்டிவைப்பவை.

உஸ்தாதின் மூத்த மகன் இப்போது எம் கல்லூரியில் ஆசிரியர். அவருக்கு வயது 38. சென்ற ஆண்டு அவரை நாமே பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தது, மருந்து தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பின் அவருடன் நாமும் நடக்கிறோம்.